ஈறில் இரத்தம் கசிந்தால் அலட்சியம் வேண்டாம்

(மார்க்க விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

ஏக இறைவனின் திருப்பெயரால்...



இட ஒதுக்கீடும் வக்ஃபு சொத்தும் பேசுகின்ற மேடையில் பல்லையும் ஈறையும் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டுப் பெண்களின் உடல்நலமும் சமுதாயப் பிரச்சனைதான். அதிலும் கர்ப்பிணிக்கு வாயில் நோய் வந்தால் அதை நோயாகவே நாம் கருதுவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் பல் துலக்குவதை எந்த அளவுக்கு வலியுறுத்தினார்கள்? சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையிட்டிருப்பார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் முதலில் செய்தது மிஸ்வாக்தான் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மரண வேளையில்கூட, அன்னையவர்கள் மென்று மிருதுவாக்கிக் கொடுத்த குச்சியால் பல் துலக்கினார்கள்.

இந்தச் சுன்னத்தைக் கர்ப்பிணிகள் பலர் கைவிடுகிறார்கள். ஏன்? பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறது. ஈறில் இரத்தம் வருவதைப் பார்த்துப் பயம் வருகிறது. "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும், விடு" என்று உம்மாவும் மாமியும் சொல்லிவிடுகிறார்கள்.

மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் கூடுகின்றன. அதனால் பல்லில் படியும் அழுக்கு கொஞ்சமாக இருந்தாலும் ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசிகிறது. 100 கர்ப்பிணிகளில் 60 முதல் 75 பேருக்கு ஈறு வீக்கம் இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. இரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தினால் அழுக்கு இன்னும் சேரும், நோய் முற்றும். கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு வரை அரித்துப் பல் ஆடத் தொடங்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய்க்கு ஒரு பல் போகும், பிள்ளை பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்கிறார்களே! அது உண்மையல்ல. பிள்ளைக்கு வேண்டிய சத்து தாயின் உணவிலிருந்து போகிறது. அது போதாவிட்டால் எலும்பிலிருந்து போகும். பல்லிலிருந்து போவதில்லை. பல் போவதற்குக் காரணம் பிள்ளை அல்ல, கவனிப்பின்மை.

ஈறு நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பிறகு 800க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. ஈறு சிகிச்சையால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை என்றும், சிகிச்சை பாதுகாப்பானது, ஈறு குணமானது என்றும் அதில் தெரிந்தது. எனவே, பிள்ளை குறைமாதத்தில் பிறந்துவிடும் என்று எந்தப் பெண்ணையும் பயமுறுத்தாதீர்கள். சிகிச்சை செய்தால் பிள்ளைக்கு ஆபத்து என்றும் தடுக்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்? மிருதுவான பிரஷ்ஷால் காலையும் இரவும் துலக்க வேண்டும். மிஸ்வாக் குச்சியானால் நுனியை ஊறவைத்து மென்மையாக்கிக் கொள்ளுங்கள். செங்கல் தூள், கரித்தூள் வேண்டாம். வாந்தி எடுத்த உடனே துலக்காதீர்கள், வயிற்றுப் புளிப்பு பட்ட பல் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். பாக்கும் புகையிலையும் அறவே கூடாது.

பல் சுத்தம் செய்வதற்கு 4 முதல் 6 மாதம் வரை வசதியான காலம். கடும் வலி, சீழ், வீக்கம் என்றால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் பிள்ளையின் பல்லையே கறைப்படுத்தும்.

சகோதரர்களே! இனி உங்களிடம் பேசுகிறேன். பெண் மருத்துவர் இல்லை என்று சொல்லி மனைவியின் வலியைப் பிரசவம் வரை தள்ளிப் போடுகிறோம். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் செல்லுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே உடன் சென்று ஆண் மருத்துவரிடம் காட்டுங்கள். நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது. மருத்துவம் செய்துகொள்ளும்படி சொன்ன மார்க்கம் இது!

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது. எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும்போதே வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஊர் மருத்துவமனையில் பல் மருத்துவர் இல்லையா? ஜமாஅத்தும் இயக்கக் கிளையும் சேர்ந்து கையெழுத்து வாங்கி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். பெண் மருத்துவரைக் கேளுங்கள். இது சலுகை அல்ல, நமது உரிமை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், கர்ப்பிணியாக இருக்கும் மனைவியிடம், மகளிடம், மருமகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா?" ஆம் என்றால் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

நம் தாய்மார்களுக்கும் பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தருவானாக! வஸ்ஸலாம்.