நோயை விரும்பி ஏற்போர் யார்?



நோய் வந்தபின் மருந்து தேடுவதும், வருமுன் காத்துக்கொள்ள முயல்வதும் மனித இயல்பு. ஆனால், நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் தாமே மருத்துவரை நாடிச் சென்று, 'என் உடலில் நோய்க்கிருமியைச் செலுத்துங்கள். அது என்ன செய்கிறது என்று ஆராயுங்கள்' என்று சொல்வதுண்டா? உண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், லண்டன் மாநகரத்து ராயல் ஃபிரீ மருத்துவமனையில் அத்தகைய ஆராய்ச்சி ஒன்று தொடங்கிற்று. பதினெட்டு வயது நிரம்பி, முப்பது வயதைத் தாண்டாத 36 பேர் அதற்கு முன்வந்தனர். கொரோனா வைரஸ் கலந்த ஒரு சொட்டு நீர் அவர்களுடைய மூக்கிலே விடப்பட்டது. முடிவுகளைக் கணக்கிடுவதற்கு உரியவராக எடுத்துக்கொள்ளப்பட்ட 34 பேரில் 18 பேருக்கு நோய் தொற்றிற்று. அவர்களுட் பலர் சில காலம் மணம் அறியும் ஆற்றலை இழந்தனர். எவருக்கும் நோய் கடுமையாகவில்லை.

இவ்வாறு வேண்டுமென்றே கிருமியை ஏற்கச் செய்வதால் விளையும் பயன் யாது? புதிய தடுப்பு மருந்து ஒன்றை வழக்கமான முறையில் சோதிப்பதானால், பல்லாயிரம் பேருக்கு அதனைக் கொடுத்து, இயற்கையாக நோய் வந்து தாக்கும் வரையில் மாதக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ காத்திருக்க வேண்டும். விரும்பி ஏற்ற நோயிலோ, சிலரைக் கொண்டு சில வாரங்களில் அந்த மருந்தின் ஆற்றலை ஓரளவு அறிந்துவிடலாம். ஐதராபாத்து பாரத் பயோடெக் நிறுவனத்தார் உருவாக்கிய டைபாய்டு தடுப்பு மருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில், ஏறத்தாழ நூறு பேர் டைபாய்டுக் கிருமியைக் கரைத்த நீரைத் தாமே பருகி அம்மருந்தைச் சோதிக்க உதவினர். அதன் முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டில், டைபாய்டு பரவலாக உள்ள நாடுகளின் குழந்தைகளுக்கு அவ்வகை மருந்தைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. டைபாய்டு வைரஸால் வருவதன்று, பாக்டீரியாவால் வருவது. எனினும் ஆராய்ச்சி முறை ஒன்றே. யாரோ முன்பின் அறியாத நூறு பேர் ஏற்ற காய்ச்சல், நம் குழந்தைகளுக்குக் காப்பாக வந்து சேர்ந்தது. ஆகவே இம்முறையை வெறும் விபரீத விளையாட்டென்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

ஆனால், இதற்கு முன்வரத் தக்கவர் யார்? இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இதுவே.

இந்த வினாவைக் கேளாமலே நடந்த காலமும் ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்து மருத்துவப் பணியைச் சேர்ந்திருந்த ரொனால்டு ராஸ், 1895ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொசு விழுந்து இறந்த நீரைக் குடிப்பதால் அந்நோய் வருகிறதோ என்ற கருத்து அப்பொழுது இருந்தது. நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுக்கள் இறந்து கிடந்த நீரை அவர் சிலருக்குப் பருகக் கொடுத்தார். அவர்களுள் ஓர் இளைஞருக்குக் காய்ச்சல் கண்டது. ஈராண்டு கழித்து, உசேன் கான் என்னும் மலேரியா நோயாளியின் உடம்பிலே கொசுக்களைக் கடிக்கவிட்டு, கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலி கொடுத்தார். அக்கொசுக்களில் ஒன்றை அறுத்துப் பார்த்தபோதுதான், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், அந்த மகத்தான உண்மை வெளிப்பட்டது. 1902இல் ராஸ் நோபல் பரிசு பெற்றார். அவருடைய பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆயினும், அந்த நீரைப் பருகிய இளைஞரிடம், 'வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமையுண்டு' என்று எவரேனும் எடுத்துரைத்தார்களா என்று இன்றைய உலகம் கேட்கிறது.

இதனினும் கொடிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், வில்லோபுரூக் என்னும் பள்ளி இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான விடுதி அது. 1950களின் நடுவில் தொடங்கிப் பல ஆண்டுகள், அங்கிருந்த குழந்தைகள் சிலருக்கு மஞ்சட்காமாலை உண்டாக்கும் வைரஸை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தார்கள். பெற்றோரின் கையொப்பம் வாங்கப்பட்டது உண்மையே. ஆனால் ஒரு காலத்தில், இடமில்லை என்று பள்ளியின் பொதுவாயில் அடைபட்டிருந்தபோதும், ஆராய்ச்சிப் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. வேறெங்கும் புகலில்லாத குழந்தையைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய், அந்தத் தாளில் கையொப்பமிடாமல் என் செய்வாள்? கையொப்பம் இருந்தது, இசைவு இருந்ததா?

நண்பர்களே, இங்கே நாம் நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டிருப்பார்கள். பாத்தி பாத்தியாக உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலிலே வற்றவிட்டு, படியும் உப்பை வாரிக் கரையிலே குவிக்கும் வேலை அங்கே கோடை முழுவதும் நடைபெறும். ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் பாத்திகளெல்லாம் வெள்ளக்காடு, வேலை நின்றுவிடும். கூலியும் நின்றுவிடும். உப்பளத் தொழிலாளரின் இந்த மழைக்கால வறுமையை உணர்ந்தே தமிழ்நாட்டு அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மழைக்காலம் ஒன்றில், சுகாதாரம் பற்றிப் பேசுவதற்காக நான் அவ்வூர்ப் பக்கம் சென்றிருந்தேன். பேச்சுக்கிடையே லண்டன் ஆராய்ச்சியைப் பற்றியும், அதில் கலந்துகொண்டவர்களுக்கு அவர்கள் செலவிட்ட காலத்துக்கு ஈடாக ஏறத்தாழ 4,500 பவுன், அஃதாவது நம் கணக்கில் நாலரை இலட்ச ரூபாய் அளவில், கொடுக்கப்பட்டதைப் பற்றியும் சொன்னேன். கூட்டம் கலைந்தபின் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். "ஐயா, அந்த மாதிரி இங்கே வந்தால் எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா? வெயிலில் நிற்கிற உடம்பு இது. ஒரு காய்ச்சலைத் தாங்காதா?" என்று கேட்டார்.

அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. நானும் வேடிக்கையாக விடை கூற இயலாது. அவருக்கு நான் சொன்னவற்றையே சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன். இத்தகைய ஆராய்ச்சியில் நுழைவோர் மூன்று வாயில்களைக் கடந்தாக வேண்டும்.

முதலாவது, உடல் என்னும் வாயில். குழந்தைகளையும், கருவுற்ற பெண்களையும், பாலூட்டும் தாய்மாரையும் இங்கே சேர்ப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய ஆராய்ச்சி பற்றி 2023ஆம் ஆண்டில் ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 18 முதல் 45 வயது வரை உள்ள, நோயற்ற மக்களையே அது கருதுகிறது. இதயம், நுரையீரல், சிறுநீரகம், இரத்தம் யாவும் சோதிக்கப்படும். வெயிலைத் தாங்கிய உடம்பு என்பது மட்டும் போதாது. கடும் வெப்பத்திலே போதிய நீரின்றி உழைப்பதால், பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் உப்பளத் தொழிலாளர் சிலருடைய சிறுநீரகம் தளர்ந்திருப்பதைத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அன்றியும், கொடுக்கப்படும் நோய் தக்க மருந்தால் தீர்வதாகவோ, இளமையும் நலமும் உடையாரிடத்தில் தானே தணிவதாகவோ இருத்தல் வேண்டும். தீராத நோயைக் கொடுத்து ஆராய எவருக்கும் உரிமையில்லை.

இரண்டாவது, அறிவு என்னும் வாயில். தமக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முன்வருபவர் தம் சொந்த மொழியிலே கேட்டு, தம் சொந்தச் சொல்லிலே திருப்பிச் சொல்ல வல்லவராக வேண்டும். எழுத்தறியாதவர் என்றால், ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. எழுத்தறியாமை வேறு, அறியாமை வேறு; மேகத்தைப் பார்த்து மழையைக் கணிக்கும் உப்பளத்தார்க்கு ஆபத்தை எடைபோடத் தெரியாது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எந்த நேரத்திலும் ஆராய்ச்சியிலிருந்து விலகலாம். ஆயினும் கிருமியை ஏற்றபின், பிறருக்குத் தொற்றாது என்று உறுதியாகும் வரையில் தனிமையிலிருந்து வெளியேற இயலாது. லண்டனிலே அவ்வாறு இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் இருந்தார்கள். வீட்டிலே முதியோரும் பிணியாளரும் இருக்கக் கூடுமாதலால் இந்தக் கட்டு தேவையாகிறது. இதனை உள்ளே போனபின் சொல்லுதல் வஞ்சகம். போகுமுன் சொல்லுதலே நேர்மை.

மூன்றாவது வாயில் நிலைமை என்பது. மூன்றனுள் இதுவே அரியது. 'வேண்டாம் என்று சொன்னால் எனக்கு என்ன இழப்பு?' என்று முன்வருபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். 'ஒன்றுமில்லை, நாளையும் என் வாழ்வு நடக்கும்' என்பது விடையானால், அவர் சொல்லும் 'சரி' உண்மையான சரி. 'இன்றிரவு அடுப்பு எரியாது' என்பது விடையானால், அந்தச் 'சரி'யைச் சொன்னவர் அவரல்லர், பசி. மறுக்க வல்லவரே முன்வர வல்லவர். சிறைப்பட்டோர், மேலதிகாரிக்குக் கீழ்ப்பட்டோர், வறுமையில் வாடுவோர் ஆகியோரை ஆராய்ச்சி அறநெறி தனியே குறித்துக் காப்பதற்குக் காரணம் இதுவேயாகும். இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளுக்குப் பின் 1947இல் நூரம்பர்க் நெறிமுறை வகுக்கப்பட்டபோது, தானாக அளித்த இசைவே அதன் முதற் கட்டளையாயிற்று. 1964இல் எழுந்த ஹெல்சிங்கிப் பிரகடனமும், நம் நாட்டில் 2019இல் இயற்றப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் பற்றிய விதிகளும் அவ்வழியே செல்கின்றன. தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் தருதல் கடமை என்பதையும் நம் விதிகள் வலியுறுத்துகின்றன.

அப்படியானால் ஏழையை ஏழை என்பதற்காகவே விலக்கிவிடலாமா? இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிறருக்கு நன்மை செய்யும் வாய்ப்பைச் செல்வருக்கே உரிமையாக்கிவிடுதலும் அவமதிப்புத்தான். பிறர் நலத்திற்காகத் துன்பம் ஏற்கும் உள்ளம் உப்பளத்திலும் உண்டு. ஆகவே மாற்ற வேண்டியது மனிதரையன்று, நிலைமையை. மரக்காணத்தில் ஆள் தேடுவதாயின் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வேலையும் கூலியும் உள்ள மாதங்களிலே தேட வேண்டும். உப்பள முதலாளியோ மேஸ்திரியோ ஆளைத் திரட்டித் தரக் கூடாது. யார் வந்தார், யார் மறுத்தார் என்ற செய்தி அவர்கள் காதுக்கு எட்டவும் கூடாது. வீட்டிற்குச் சென்று குடும்பத்தாரோடு கலந்தெண்ணச் சில நாட்களேனும் தரவேண்டும். கொடுக்கும் பணம், இழந்த நாட்களுக்கும் பட்ட சிரமத்துக்கும் ஈடாக இருக்கட்டும். கண்ணை மறைக்கும் தூண்டிலாக வேண்டாம். லண்டன் மாணவருக்கு உதவித் தொகையாக இருக்கும் அதே தொகை, உப்பளத்துக் குடும்பத்துக்கு ஓராண்டு வருவாயினும் மிகுதியாகிவிடும். மிகக் குறைவாகக் கொடுத்தால் சுரண்டல். மிகுதியாகக் கொடுத்தால் மயக்கம். இரண்டிற்கும் இடையே வழி காண்பது அறநெறிக் குழுவின் பொறுப்பு. அக்குழுவில் மருத்துவர் மட்டுமின்றி, சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதித்ததன் கருத்தும் அதுவே.

அந்த அம்மையார் இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்டார். பிறகு, "அப்படியானால், முதலில் மழைக்காலத்துக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுங்கள். அதற்கப்புறம் வந்து கேட்கட்டும், நான் யோசித்துச் சொல்கிறேன்" என்றார். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று ஒருவர் சொல்லக்கூடிய நிலையைத்தான் அறநூலார் இசைவுரிமை என்று பல பக்கங்களில் விளக்குகிறார்கள்.

மாணவர்களே, இது உப்பளத்தாருக்கு மட்டும் உரிய செய்தி என்று கருதிவிடாதீர்கள். உங்களையும் அறநெறி காக்கப்பட வேண்டியவர்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. மதிப்பெண் வழங்கும் ஆசிரியர் தம் ஆராய்ச்சிக்கு வருமாறு அழைத்தால், மறுப்பதற்கு நா எழுமா? தோழர்கள் அனைவரும் பெயர் கொடுத்தபின் ஒருவர் மட்டும் ஒதுங்கி நிற்பது எளிதா? உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் அறநெறிக் குழுவில் அமரலாம். சிலர் உண்மையாகவே கை உயர்த்தி இத்தகைய ஆராய்ச்சிக்கு முன்வரலாம். அது போற்றத் தக்க செயலே. அன்று, உடலைச் சோதிக்கும் கருவிகள் மருத்துவரிடம் இருக்கும். உங்கள் 'சரி' உங்களுடையதுதானா என்று சோதிக்கும் கருவி உங்களிடமே இருக்கிறது. 'வேண்டாம் என்று சொன்னால் எனக்கு என்ன இழப்பு?' என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்து, பிறகு கையொப்பமிடுங்கள்.