உக்கிராணக்காரனும் தோட்டத் தண்ணீரும்

(கரவெட்டிக்கு வந்திருந்த மலையகத் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். – ஆசிரியர்)



இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து வந்த களைப்பு உங்கள் முகத்தில் தெரியுது. சாப்பாடு வேகிற வரைக்கும் கொஞ்சம் பேசுவோம்.

'தோட்டம்' என்ற சொல் உங்களுக்கு ஒன்று, எங்களுக்கு இன்னொன்று. உங்களுக்குத் தோட்டம் எண்டால் மலை, கொழுந்து, லயம், பெரட்டு. இங்கே கரவெட்டியில் தோட்டம் எண்டால் கிணற்றோடு சேர்ந்த நாலைந்து பரப்புக் காணி. வெங்காயம், மிளகாய், புகையிலை போடுவோம். வேதத்தில் ஆதி மனுஷனை ஆண்டவர் வைத்த இடமும் ஒரு தோட்டந்தான். அங்கே அவனுக்கு இரண்டு வேலை. ஒன்று பாடுபடுவது, மற்றது காவல் காப்பது. உங்கள் பாட்டன் பூட்டன் காலம் தொடக்கம் முதல் வேலையை உங்களிடம் நிறைய வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது வேலையை யாராவது உங்கள் கையில் தந்தார்களா?

பழைய தமிழ் வேதாகமத்தில் 'உக்கிராணக்காரன்' எண்டு ஒரு சொல் வரும். உக்கிராணம் எண்டால் களஞ்சிய அறை. சாமான் எசமானுடையது, பொறுப்பும் சாவியும் உக்கிராணக்காரனிடம். சபைகளில் 'உக்கிராணத்துவ ஞாயிறு' எண்டு அறிவித்தால் ஆட்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். காணிக்கைப் பிரசங்கம் எண்டு தெரியும்! மண்ணும் தண்ணியும் அந்த உக்கிராணத்தில் அடக்கம் என்ற பேச்சு எங்கள் காதுக்கு வரப் பிந்திப் போச்சு. 1983இல் வன்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் நீதி, சமாதானம், படைப்பின் பாதுகாப்பு மூன்றையும் ஒன்றாகப் பேசியது. 1989இல் கொன்ஸ்தாந்திநோபிளின் ஓர்தொடொக்ஸ் தலைவர் செப்டெம்பர் 1ஆந் திகதியைப் படைப்புக்காகச் செபிக்கும் நாளாக்கினார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஒரு சுற்றுமடலே எழுதினார். பூமி அழுகிற சத்தமும் ஏழை அழுகிற சத்தமும் சேர்ந்தே கேட்கும் என்பது அதன் சாரம்.

சரி, ஊழியத்துக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கற்றுக் கொடுப்பது? புத்தகத்தில் ஒரு பாடம் வைத்தால் போதுமா? குருமடத்து வளவில் பத்து மாமரம் நட்டுப் படம் எடுத்தால் போதுமா? மரம் நடுவது நல்லதுதான், நான் குறை சொல்ல வரவில்லை.

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஒரு நல்ல வழக்கம் உண்டாச்சு. மாணவர்கள் வளவை விட்டு வெளியே போய், சேரியிலோ கிராமத்திலோ சனத்தோடு ஒரு வருஷம் வாழ்ந்து படிக்க வேண்டும். அங்கே பாடம் சொன்னவர்களில் ஒருவர் தியாப்பிலஸ் அப்பாவு. 'பரட்டை அண்ணன்' எண்டால் எல்லாருக்கும் தெரியும். 2005இல் காலமானார். கிராமத்துப் பாட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டு வந்தவர். 'ஒரு உலை' என்பதைத் தன் இறையியலின் நடுவில் வைத்தார். ஒரே உலையில் பொங்கி, சாதி பாராமல் கூடிச் சாப்பிடுவது. உலை வைக்க அரிசி வேணும், விறகு வேணும், எல்லாவற்றுக்கும் முதல் தண்ணி வேணும். பரிசுத்த பந்தியைப் பற்றிப் பேசுகிறவன் கிணற்றைப் பற்றியும் பேசத்தான் வேணும் எண்டு நான் நினைக்கிறன்.

எங்கள் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1939இல் சேவாக் செல்வரத்தினம் மருதனார்மடத்தில் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தைத் தொடங்கினார். எளிய வாழ்க்கையும் செபமும் அங்கே ஒன்று. பிலிமத்தலாவையில் 1963 தொடக்கம் இலங்கை இறையியல் கல்லூரி இருக்கு. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே வளவில் படிக்கிறார்கள். கண்டிக்குப் பக்கம், உங்கள் மலைகளுக்குத் தூரமில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு இங்கேயுள்ள கிணறு ஒரு நல்ல வாத்தியார். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை வெடிப்புகள் வழியாக இறங்கிக் கல்லுக்குள் தங்குது. அதற்கும் கீழே கடல் தண்ணி. நல்ல தண்ணி பாரம் குறைவு, அதனால் உப்புத் தண்ணிக்கு மேலே மிதக்குது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிசன் களைச்சுப் போவான், கிணறு ஊறும். இறைப்பு மெசின் களைக்காது. அளவு மிஞ்சி இழுத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும்.

உரமும் அப்படித்தான். முந்தி பூவரசங் குழை, வேப்பங் குழை, பழைய பனையோலை தாழ்ப்பார்கள். ஆட்டுப் பட்டி அடைப்பார்கள். பிறகு யூரியா மூட்டை வந்தது. மிஞ்சின உரம் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குள் இறங்குது. மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தாலும் அதே கதை. லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குடாநாட்டில் பல கிணறுகள் அதைத் தாண்டியதாக 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தையின் உடம்பு அதனால் நீலம் பாரிக்கலாம். தாய்மார் இதைக் கவனியுங்கோ: தண்ணியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது.

சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் கழிவெண்ணெய் கலந்தது. சனம் பவுசர் தண்ணிக்குக் குடத்தோடு காத்து நின்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. சனம் வழக்குப் பேசினபடியால் கிடைத்த தீர்ப்பு அது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேணும். இதே வடமராட்சியில் சாதியைச் சொல்லிச் சிலரைக் கிணற்றில் அள்ள விடாத காலம் இருந்தது. வாளியில் கை வைத்தால் அடி. 1957இல் சட்டம் வந்த பிறகும் சனம் போராடித்தான் பல இடங்களில் உரிமை பெற்றது. தண்ணியைக் காப்போம் எண்டு பிரசங்கம் பண்ணுகிற குருவானவர், யார் யாருக்கு அள்ளும் உரிமை இருக்குது எண்டு கேட்காமல் விட்டால் அது அரைப் பிரசங்கம்.

இப்போ உங்கள் மலைக்கு வருவோம். எங்களுக்குக் கிணறு, உங்களுக்குப் பீலி. பீலிக்கு மேலே தேயிலை. அங்கே உரமும் புல்லு மருந்தும் விழுந்தால் மழையோடு எங்கே வரும் எண்டு உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியையே திடீரென நிறுத்தி, வருஷம் முடியுமுன் கைவிட்டார்கள். மருந்துத் தாங்கியை முதுகில் சுமக்கிறவரிடம் கேட்டு இதில் ஏதாவது ஒன்றை முடிவெடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். மலை சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்து எண்டு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை சரி, போவதற்கு இடம்? சொந்தக் காணி இல்லாத மனிசன் எங்கே எழும்பிப் போறது? 7 பேர்ச் காணி, பிறகு 10 பேர்ச் எண்டு பேச்சு வந்தது. எங்கள் கணக்கில் 10 பேர்ச் ஒரு பரப்பு. ஒரு பரப்புக் கூட இல்லாதவரைப் பார்த்து 'பூமியின் உக்கிராணக்காரரே' எண்டு கூப்பிட்டால் அது பகிடி பண்ணுவது போல இருக்கும். சாவியைக் கொடாமல் கணக்குக் கேட்கிற எசமானை வேதத்தில் நான் காணவில்லை. ஆகவே காணிக்காக நீங்கள் கேட்பதும் படைப்பைக் காக்கிற வேலைதான். அதைக் கட்சி அரசியல் எண்டு சொல்லிச் சபை ஒதுங்கி நிற்கக் கூடாது.

அதற்காகக் காணி கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்கவும் வேண்டாம். ஊற்றுக்கண்ணைச் சுற்றியுள்ள மரத்தை விறகுக்குத் தறிக்காதேயுங்கோ. மருந்துத் தாங்கியையும் வெறும் போத்தலையும் ஓடையில் கழுவ விடாதேயுங்கோ. பீலிக்கு மேலே மருந்தடிக்கிற நாளை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லித் தலைவர்மார் மூலம் துரையிடம் எழுத்தில் கேளுங்கோ, பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கோ. கான்கள் அடைபட்டால் மழைக்கு முன்பே சொல்லுங்கோ. மழை நாளில் நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணி திடீரெனக் கலங்கினாலோ விடியட்டும் எண்டு பார்க்க வேண்டாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கோ.

கடைசியாக, இறையியல் மாணவர்கள் உங்கள் தோட்டத்துக்கு வந்தால் கோயிலுக்குள் மட்டும் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடாதேயுங்கோ. பீலி தொடங்குகிற இடம் வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கோ. அட்டை கடிக்கும், பரவாயில்லை. மேலே என்ன மருந்து அடிக்கிறார்கள், கீழே எத்தனை வீடு குடிக்குது எண்டு அவர்கள் கொப்பியில் எழுதட்டும்.

சாப்பாடு ஆயத்தம் எண்டு அங்கே கை காட்டுகிறார்கள். கேள்வி இருந்தால் பந்தியில் இருந்தபடியே கேளுங்கோ.