மரவேலையும் சூட்டுப் பசையும்



பசையைச் சூடாக்கி மரத்தை ஒட்டுவது புதுமையன்று. நம் தச்சர்கள் வச்சிரத்தை நீரில் ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் வேறொரு கலத்திலிட்டு இளக்கி, சூடு ஆறுமுன் பலகையில் தடவினார்கள். அதன் நாற்றத்தை மறந்தவர் இரார். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியிலுள்ள சென்னபட்டணத்திலோ, கடைசலில் சுழலும் வெட்பாலை மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் வெப்பத்தாலேயே அரக்கு உருகிப் பொம்மையின்மீது நிறமாகப் படிகிறது.

கடைகளில் 'குளூ கன்' என்று விற்கும் பசைத் துப்பாக்கியும் இவ்வினத்ததே. மின்சாரத்தால் ஒரு பிளாஸ்டிக் குச்சியை உருக்கி, மூக்கின் வழியே பிதுக்குகிறது. ஆனால் ஒரு வேறுபாடுண்டு. வச்சிரம் மரத்தின் நுண்துளைகளுள் ஊறிப் பிடிக்கும். இக்குழம்போ தடித்தது, ஊறுவதற்குள் ஆறிவிடும். ஆகவே அது மேற்பரப்பைப் பற்றுமேயன்றி, பாரம் தாங்காது.

இதனை நவராத்திரிக்கு முன் நினைவிற்கொள்ளுதல் நன்று. வாடகை வீட்டில் வசிக்கும் நம்மவர் பலர், ஒட்டுப்பலகைத் துண்டுகளைக்கொண்டு தாமே கொலுப்படி செய்கின்றனர். படியின் மூட்டுகளைச் சூட்டுப் பசையால் மட்டும் இணைத்தால், தசாவதார மண்பொம்மைகள் அனைத்தும் தரைக்கு இறங்கிவரக்கூடும். அங்கே திருகாணியும் வெள்ளை மரப்பசையுமே வேண்டும். எனினும் துப்பாக்கிக்கும் அதில் வேலையுண்டு. மூட்டின் நடுவில் வெள்ளைப் பசையைத் தடவி, இரு முனைகளிலும் சூட்டுப் பசையைப் பொட்டாக இட்டு, உடனே அழுத்துங்கள். பொட்டு ஒரு நிமிடத்தில் இறுகிப் பலகையை நகரவிடாது பிடிக்கும். வெள்ளைப் பசை இரவெல்லாம் நிதானமாய் உலரலாம். பிடிகருவி இல்லாத வீட்டிற்கு இஃது பேருதவி.

வாங்கும்போது 11 மில்லிமீட்டர் குச்சி ஏற்கும் கருவியைக் கேளுங்கள். 7 மில்லிமீட்டர் குச்சிக்குரிய சிறு கருவி காகிதப் பூவேலைக்குப் போதும். பலகையில் நீண்ட கோடு இழுத்து முடிப்பதற்குள் முன்னிட்ட பசை ஆறிவிடும். ஆறியபின் எவ்வளவு அழுத்தினும் ஒட்டாது. கருவியை நிறுத்திவைக்கத் தாங்கி உள்ளதா என்றும் பாருங்கள். தூசியும் எண்ணெய்ப் பசையும் நீங்க மரத்தைத் துடைத்துக்கொள்ளுதல் அவசியம்; மெருகிட்ட வழவழப்பான மரத்தில் பிடிப்பு குறைவு.

பெங்களூரின் மிதமான வெப்பத்தில் கெட்டியாய் நிற்கும் ஒட்டு, மே மாதத்தில் மூடிய காரினுள் வேலூருக்கோ சென்னைக்கோ பயணம் செய்தால் இளகிவிடலாம். ஊருக்கு எடுத்துச்செல்லும் பொருளில் இதனை நம்பவேண்டா.

உருகிய பசை ஏறக்குறைய 190 டிகிரி சூடுடையது. விரலில் பட்டால் பிய்த்தெடுக்காதீர்கள், தோலும் உடன்வரும். குழாய்நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். நெய்யும் பற்பசையும் வேண்டா. கொப்புளம் பெரிதாயின் மருத்துவரை நாடுங்கள்.