நூல் அறுந்ததற்கா இத்தனை கோபம்?

(விசைத்தறித் தொழிலாளர் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



கூலி உயர்வைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்கு வேறு கூட்டம் இருக்கிறது. இன்று கோபத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

தறியில் நூல் அறுகிறது. தினமும் அறுகிற நூல்தான். முடிச்சுப் போட்டு ஓட்டலாம். ஆனால் ஒரு நாள், அறுந்த மாத்திரத்தில் ஒரு தோழர் நாடாவைப் பிடுங்கிச் சுவரில் எறிகிறார். வீட்டுக்குப் போனால் குழந்தை டீயைக் கொட்டிவிட்டது. முதுகில் ஓங்கி ஓர் அறை! பிறகு தனியே உட்கார்ந்து அழுகிறார். அக்கம் பக்கத்தார், "கொழுப்பு" என்கிறார்கள். சிலர் "பைத்தியம்" என்றே முத்திரை குத்திவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு அநியாயமானது, விஞ்ஞானத்துக்கும் புறம்பானது.

1914-ல் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு நாயைப் பழக்கினார்கள். வட்டத்தைக் காட்டினால் தீனி உண்டு. நீள்வட்டத்தைக் காட்டினால் இல்லை. நாய் நன்றாகக் கற்றுக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக வட்டம்போல் ஆக்கிக்கொண்டே வந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத நிலை நெருங்கியது. மூன்று வாரம் தாக்குப்பிடித்த நாய் கத்தியது, துள்ளியது, மேலே பூட்டியிருந்த கருவியைக் கடித்துக் குதறியது. முன்பு சுலபமாகக் கண்டுகொண்ட வித்தியாசம்கூட அதற்குப் பிடிபடவில்லை. யாரும் அதை அடிக்கவில்லை. மூளை தாங்காத வேலையைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்!

மனிதனுக்குச் சிந்தனையும் உண்டு. அதனால் தொல்லையும் கூட. நூல் அறுந்தது என்பதோடு அவன் நிற்பதில்லை. "இன்று துணி குறையும், முன்பணம் அடையாது, நான் எதற்கும் லாயக்கில்லை" என்று ஒரே மூச்சில் பாதாளத்துக்குப் போய்விடுகிறான். அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளிடம் கண்டது இப்படிப்பட்ட எண்ணங்களைத்தான். ஒவ்வொரு எண்ணத்தையும் நிறுத்தி, "இது நிஜமா?" என்று விசாரிக்கப் பழக்குவதே அவருடைய வைத்திய முறை.

இது அற்ப விஷயமல்ல. அன்றாடத் தொல்லைகளுக்கு மிகவும் கலங்கியவர்களிடம் பத்து வருஷம் கழித்து மனத்துயர் அதிகமாகக் காணப்பட்டதென்று 2013-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது.

உடனே, "பொறுமையாக இரு" என்று உபதேசிக்க ஆள் வருவார். முதலாளிக்கு மிகவும் பிடித்த உபதேசம்! 12 மணி நேர ஷிப்டு, பகலில் அரைத் தூக்கம், தலைமேல் முன்பணக் கடன். இவற்றோடு பொறுமை எங்கிருந்து வரும்? தூக்கம் கெட்ட மூளைக்குக் கடுகும் மலையாகத் தெரியும். வேலை நேரத்தைக் குறைக்கப் போராடுவது மனநலத்துக்கான போராட்டமும்தான்.

அதற்காக அந்த அறையை நியாயப்படுத்தவில்லை. முதலாளி மேலுள்ள கோபத்தைப் பெண்டாட்டி பிள்ளைமேல் காட்டுவது எந்த வர்க்கப் போராட்டத்திலும் சேராது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், சாகலாமென்ற நினைப்பு என்றால் அதைக் குணக்கேடு என்று தள்ளிவிடாதீர்கள். வியாதியாக இருக்கலாம். அரசாங்கச் செலவில் மனநல சிகிச்சை பெறுவதை 2017-ஆம் வருஷச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. 2022-ல் ஆரம்பித்த டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். சங்க ஆபீஸ் பலகையில் எண்ணை எழுதியிருக்கிறோம். வீட்டிலிருந்து பேசத் தோதில்லாதவர்கள் ஆபீசுக்கு வாருங்கள். நீங்கள் பேசி முடிக்கும்வரை நாங்கள் வெளியே திண்ணையில் இருப்போம்.