கொடுத்த கைக்கு ஒரு ஆறுதல்
(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

    

கல்வியின் பயன் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். வேலைவாய்ப்பைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் விளக்கமாகக் கூறிவிட்டார்கள். ஆகவே, நம்மவர் வீடொன்றில் நடந்ததை மட்டும் சொல்லி அமைகிறேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பு வரை பயின்ற மாணவன் ஒருவன், கொத்தனார் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவன், சென்ற ஆண்டு சாலை விபத்தில் தலையில் அடிபட்டான். மூன்றாம் நாள், மூளைச்சாவு என்று மருத்துவர்கள் கூறினார்கள். உறுப்புகளைத் தானமாகத் தர இசைவு உண்டா என்றும் கேட்டார்கள்.

உறவினர் கொதித்தெழுந்தனர். "ஏழை உடம்பு என்றால் இளக்காரமா? விற்றுக் காசாக்கப் பார்க்கிறார்கள்" என்றனர். அந்த ஐயத்தை நான் குறைகூற மாட்டேன். 1980களில் சென்னை வில்லிவாக்கத்தில் வறுமை தாங்காமல் சிறுநீரகத்தை விற்றவர் பலர். அப்பகுதியைக் 'கிட்னிவாக்கம்' என்று சொல்லி ஊர் நகைத்தது. ஏழையின் உடலுக்கு விலை பேசியவர்களை நாம் கண்டவர்கள்தாமே!

அப்போது முன்வந்தவள் அவன் தங்கை. நம் மாலைநேர வகுப்பில் படித்து, இன்று செவிலியர் பட்டப்படிப்பில் இருப்பவள். படிவத்தை வரி வரியாகப் படித்துப் பெற்றோருக்கு விளக்கினாள். மார்பு ஏறி இறங்குவது கருவியால்; மூளைத்தண்டு அழிந்தபின் மீட்சி இல்லை. நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்றும் மருத்துவர் அக்குழுவில் இருத்தலாகாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். "மறுத்தாலும் நம்மை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அப்பா" என்றும் சொன்னாள்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஒப்பமிட்டார். கைநாட்டு அன்று, நம் முதியோர் வகுப்பில் கற்ற கையெழுத்து!

இவ்வழியில் நம் மாநிலத்துக்கு முன்னோடியான நிகழ்ச்சி 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்தது. விபத்தில் மூளைச்சாவுற்ற ஹிதேந்திரன் என்னும் இளைஞனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானமளித்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயத்தைக் கொண்டுசெல்லக் காவல்துறை சென்னைச் சாலைகளில் வழியேற்படுத்தித் தந்தது. அது ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

சில மாதங்கள் கழித்து அவ்வீட்டுக்குச் சென்றேன். தந்தை சொன்னார்: "ஐயா, என் அப்பாவின் சடலத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக விடவில்லை. சேற்று வரப்பில் தூக்கிச் சென்றோம். என் மகனுக்கு அதிகாரிகள் மாலை வைத்துக் கைகூப்பி நின்றார்கள்."

தாயோ இன்னும் அந்தி வேளையில் வாசலைப் பார்க்கிறாள். உறுப்பைப் பெற்றவர் யாரென அவளுக்குத் தெரிவிப்பதில்லை, முறை அப்படி. "யார் வீட்டுப் பிள்ளையோ, இந்நேரம் சாப்பிட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே, தனக்கும் சோறு போட்டுக்கொள்கிறாள். மகனை இழந்த துயரம் போகவில்லை. ஆனால் அவள் பட்டினி கிடப்பதில்லை. ஆறுதல் என்பது அவ்வளவுதான், அதுவே பெரிது.

தோழர்களே! தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட உடலின் சிறுநீரகம், யார் உடலிலோ இன்று குருதியைத் தூய்மை செய்துகொண்டிருக்கிறது. ஏற்றுக்கொண்ட உடல் சாதி கேட்கவில்லை. ஒருவரின் உறுப்புகளால் எட்டுப் பேர் வரை உயிர் பெறலாம்.

ஆயினும், கொடுத்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தானம் கடன் அன்று. அறிந்து கொடுப்பதும் அறிந்து மறுப்பதும் நம் உரிமை. பெறுவதும் நம் உரிமையே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் அடங்கும். தேவைப்படும் நம்மவர் தயங்காமல் பதிவு செய்துகொள்க.

இன்றிரவு வீட்டில் இதுபற்றிப் பேசுங்கள். துயரம் வந்து நிற்கும் நாளில், படித்துச் சொல்ல ஒரு பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். நம் சங்கத்தின் இருபத்தைந்தாண்டுப் பணி அதற்காகவே.