ஈயச் சொம்பு வாங்கும் முன்: வெள்ளீயமா, காரீயமா?

இந்த வார எபிசோட் பழைய பாத்திரம் தேடுறவங்களுக்கு. சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை. பொங்கலுக்கோ ஆடிப்பூரத் தேருக்கோ ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போறப்போ, "பழைய ஈயச் சொம்பு ஒண்ணு கிடைச்சா ரசம் வைக்கலாமே"ன்னு தோணுதா? அப்போ இது உங்களுக்குத்தான்.

இங்கிலாந்துல இதே மாதிரி பழைய பியூட்டர் தட்டு, குவளை தேடி அலையிறவங்க நிறைய. பியூட்டர்ல பெரும்பங்கு வெள்ளீயம். கூடவே செம்பு, ஆன்டிமனி. பழைய சரக்குல காரீயமும் கலந்திருக்கும். அங்க செஞ்சவரோட முத்திரையைப் பார்த்து வயசு கண்டுபிடிப்பாங்க. நம்ம பாத்திரத்துல பார்க்க வேண்டியது வாங்கினவங்க பேரு. புள்ளி புள்ளியா வெட்டின இனிஷியல், சில சமயம் கல்யாணத் தேதி. அது இருந்தா வயசுக்கு ஒரு தடயம் கிடைச்சாச்சு.

எங்க தேடலாம்? பாத்திரக்கடையில பழசைப் போட்டுட்டுப் புதுசு எடுப்பாங்க இல்லையா, அந்தப் பழசு உருக்கப் போறதுக்கு முன்னாடி கேட்டுப் பாருங்க. பழைய இரும்புக் கடையிலயும் கேளுங்க. அதுக்கும் முன்னாடி சொந்தக்காரங்க வீட்டுப் பரணைப் பாருங்க. அங்க இருக்கிற சொம்போட கதையைச் சொல்ல ஆள் இருப்பாங்க.

இப்போ முக்கியமான விஷயம். கடைக்காரர் "இது ஈயம்"னு சொன்னா அது பொய்யா இருக்காது. ஆனா எந்த ஈயம்? வெள்ளீயமும் ஈயம்தான், காரீயமும் ஈயம்தான். ரசத்துக்கு வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு. புளி, எலுமிச்சை மாதிரி புளிப்பு பட்டா கரைஞ்சு சாப்பாட்டுல இறங்கும். குழந்தைகளோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 'இந்த அளவு வரைக்கும் பரவாயில்லை'ன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வெள்ளீயம் காரீயத்தை விடப் பல மடங்கு விலை. அதனால கலப்படத்துக்குக் காரணமும் இருக்கு. விலை ரொம்பக் கம்மின்னா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

கடையிலயே செய்யக்கூடிய சோதனைகள். ஒண்ணு, காந்தம். ஒட்டுச்சுன்னா அது இரும்புத் தகடு. ரெண்டு, எடை. கையில் பஞ்சு மாதிரி இருந்தா அலுமினியம். மூணு, நிறம். வெள்ளீயம் பழசானாலும் வெள்ளி வெளுப்பு தெரியும். காரீயம் நீலச் சாம்பலா கறுத்துடும். நாலு, வெள்ளைத் தாள்ல விளிம்பை அழுத்தித் தேய்ங்க. பென்சில் மாதிரி கருங்கோடு விழுந்தா வச்சுட்டு வந்துடுங்க.

வீட்டுல இன்னொண்ணு செய்யலாம். அரை கிலோ சொம்பைத் தண்ணியில முழுசா முக்கினா, சுத்த வெள்ளீயம் சுமார் 68 மில்லி தண்ணியை வெளியேத்தும். காரீயம் 44 மில்லி. அலுமினியம் 185. ஆனா 30 சதவீதம் காரீயம் கலந்திருந்தாக்கூட 61 மில்லி வரும். வீட்டு அளவுக்கோப்பைக்கு அந்த வித்தியாசம் பிடிபடுறது கஷ்டம். அதனால இந்தச் சோதனைகள் எல்லாம் மோசமானதைக் கழிச்சுக் கட்டத்தான். நல்லதுன்னு சர்டிஃபிகேட் கொடுக்க இல்லை. சமைக்கணும்னா, உலோகத்தை எக்ஸ்-ரே மூலமா சோதிக்கிற ஆய்வகத்துல கொடுத்துப் பாருங்க.

பலரும் கவனிக்காத இடம் ஒண்ணு இருக்கு: பத்தவச்ச ஒட்டு. சொம்பு சுத்த வெள்ளீயமாவே இருக்கலாம். எப்பவோ ஓட்டை விழுந்து, ரேடியோ ரிப்பேருக்குப் போடுற சாதாரண ஈயப்பத்து வச்சு அடைச்சிருந்தா? அந்தப் பத்துல கிட்டத்தட்ட 40 சதவீதம் காரீயம். உள்பக்கம், அடி, விளிம்பு மூணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. நிறம் மாறின திட்டு தெரிஞ்சா அது அலமாரிக்கு மட்டும்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசின ஈயத்துக்கும் இதே கேள்விதான்.

நல்ல சொம்பே கிடைச்சாலும் வெறுமனே அடுப்புல வைக்காதீங்க. வெள்ளீயம் 232 டிகிரியில உருகிடும். உள்ள ரசம் இருக்கிற வரைக்கும் அது 100 டிகிரி பக்கத்துலயே நிக்கும், சொம்பும் பிழைக்கும். தீ பக்கவாட்டுல ஏறினாலோ, ரசம் வத்தினாலோ சொம்பு போச்சு. ரசத்தை வேற பாத்திரத்துல வச்சு, கொதிச்சதும் இதுல ஊத்தி மூடி வைக்கிறது பாதுகாப்பு.

"ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை"ன்னு ஒரு பழமொழி உண்டு. பித்தளை இளிக்கட்டும். நீங்க மட்டும் எந்த ஈயம்னு கேட்டுட்டு அப்புறம் காசை எடுங்க. உங்க வீட்டுப் பரண்ல என்ன கிடைச்சதுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!