உயிலில் இல்லாத மகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஏதேனும் ஒரு கவிஞரைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ அமெரிக்க நாட்டின் தொடக்ககால உயில்களும் நிலப் பத்திரங்களும். 'அம்மையார் பத்திரப் பதிவு அலுவலகத்திற்கு மாற்றலாகிவிட்டாரா?' என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. கல்வெட்டுகளில் வரும் உறவுமுறைச் சொற்களைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவள் நான். கொடையளித்தவள் யார் மகள், யார் மனைவி என்று கல்லில் தேடிப் பழகிய கண், பிறநாட்டு ஏடுகளில் அதே தேடல் எவ்வாறு நடைபெறுகிறது என்று காண விரும்பியது. அவ்வளவே காரணம்.

ஓர் உயிலிலிருந்து தொடங்குகிறேன். 1793ஆம் ஆண்டு, கெண்டக்கி மாநிலத்தின் நெல்சன் மாவட்டத்தில் ஜோசப் ஹாங்க்ஸ் என்ற உழவர் எழுதிவைத்தது. அவருக்கு ஐந்து ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள் என்பது உயிலிலிருந்து தெரிகிறது. ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குதிரை. பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஓராண்டு வயதுடைய ஒரு கிடாரி. குதிரைக்கும் பெயர் உண்டு, கிடாரிக்கும் பெயர் உண்டு. எலிசபெத்துக்கு 'ஜென்டில்', பாலிக்கு 'லேடி', நான்சிக்குப் 'பைடி'. தம் தந்தையின் பெயரையே கொண்ட மகன் ஜோசப்புக்குக் குதிரையோடு தாம் குடியிருந்த 150 ஏக்கர் நிலம். எஞ்சிய உடைமை முழுவதும் மனைவி நானிக்கு அவள் வாழ்நாள் வரை. அவளுக்குப் பின் மக்கள் அனைவருக்கும் சமமாக. மிகச் சிறிய உயில். கன்றின் பெயரை மறவாமல் எழுதச் சொன்ன அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போயிற்று என்பதை மறைக்கவில்லை.

இவ்வுயில் ஏன் புகழ்பெற்றது? ஆபிரகாம் லிங்கனின் தாயார் பெயர் நான்சி ஹாங்க்ஸ். தம் தாயார் லூசி ஹாங்க்ஸ் என்ற பெண்ணுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்தவர் என்று லிங்கனே ஒருமுறை தம்மிடம் கூறியதாக, அவருடைய வழக்கறிஞர் கூட்டாளி ஹெர்ண்டன் 1889இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். அது பலரைப் புண்படுத்தியது. பத்தாண்டுகளுக்குப் பின், 1899இல், காரோலைன் ஹாங்க்ஸ் ஹிட்ச்காக் என்ற அம்மையார் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஜோசப்பின் உயிலில் வரும் நான்சிதான் லிங்கனின் தாயார்; ஆகவே அவர் முறைப்படி மணந்த பெற்றோருக்குப் பிறந்தவர் என்பது அந்நூலின் முடிவு. கையில் உயில் இருக்கிறது, அதில் பெயரும் இருக்கிறது, யார்தான் மறுப்பார்? 'பைடி' என்ற கிடாரி லிங்கனின் தாயாருக்குச் சீதனமாகவே ஆகிவிட்டது.

ஆனால் அந்தக் குடும்பத்தில் நான்சி என்ற பெயர் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. உயிலில் உள்ள நான்சி பின்னாளில் லீவை ஹால் என்பவரை மணந்தவள். லிங்கனின் இளமைத் தோழராகிய டென்னிஸ் ஹாங்க்ஸின் தாய். லிங்கனின் தாயாருக்கு அவள் சிற்றன்னை முறை. சிற்றன்னைக்குரிய கன்றை அக்காள் மகளின் தொழுவத்தில் கட்டிவிட்டார்கள்! 1929இல் லிங்கனின் மரபுவழி குறித்து விரிவாக எழுதிய வில்லியம் பார்ட்டன் ஹிட்ச்காக்கின் கருத்தை ஏற்கவில்லை. லூசியின் மகளே நான்சி என்றார். லூசி யாருடைய மகள்? ஜோசப்பின் மகள் என்றால் உயிலில் அவள் பெயர் இருக்க வேண்டுமே! எட்டுப் பிள்ளைகளுக்கும் பெயர் உண்டு, எட்டு விலங்குகளுக்கும் பெயர் உண்டு. லூசி மட்டும் இல்லை.

நான் இன்று பேச விரும்புவது அந்த இல்லாமையைப் பற்றித்தான். அதற்கு முன், இத்தகைய ஏடுகளின் இயல்பைச் சற்றுச் சொல்லியாக வேண்டும்.

இவை உறவைப் பதிவதற்காக எழுதப்பட்டவை அல்ல. உடைமையைக் கைமாற்றுவதற்காக எழுதப்பட்டவை. உடைமை எவ்வழியே செல்கிறதோ அவ்வழியில் மட்டும் உறவு வெளிச்சம் பெறுகிறது. எழுத்தருக்கு அதற்கு மேல் அக்கறை இல்லை. அவர் வழங்கிய சொற்களும் இன்றைய ஆங்கிலச் சொற்கள் அல்ல. 'கசின்' என்று எழுதியிருந்தால் உடன்பிறந்தாரின் மகனாகவோ மகளாகவோ இருக்கக்கூடும். 'சன்-இன்-லா' என்றால் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதற்கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். 'சீனியர்', 'ஜூனியர்' என்று இருவரைக் கண்டால் தந்தையும் மகனும் என்று எண்ணிவிடுகிறோம். ஒரே ஊரில் ஒரே பெயருடைய மூத்தவரையும் இளையவரையும் பிரித்துச் சொல்ல எழுத்தர் செய்த ஏற்பாடாகவும் அது அமையும். 'ஆர்ஃபன்' என்பது தந்தையை இழந்த பிள்ளை. தாய் வீட்டில் உயிரோடு இருப்பாள். 'இன்ஃபன்ட்' என்பது தொட்டிற் குழந்தையன்று. இருபத்தொரு வயது நிரம்பாத எவரும் இன்ஃபன்ட்தான், மீசை அரும்பியிருந்தாலும். 'இப்போதைய என் மனைவி' என்று ஓர் உயில் கூறினால், முன்பு ஒருத்தி இருந்தாள் என்று ஆய்வாளர் உடனே ஒரு முதல் மனைவியைப் படைத்துவிடுகிறார். அது பிற்காலத்து மனைவி எவரும் உரிமை கோராதிருக்க வழக்கறிஞர் இட்ட வேலியே. அத்தை, மாமி, சிற்றன்னை, பெரியம்மை என்று ஒவ்வோர் உறவுக்கும் தனிப்பெயர் வழங்கும் நமக்கு இக்குழப்பம் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்தக் குழப்பத்தில் ஒருவருடைய பாட்டி தொலைந்துபோகிறாள் என்பதை மறக்கலாகாது.

நிலப் பத்திரங்கள் வேறு வகை. வர்ஜீனியாவிலும் கெண்டக்கியிலும் நிலத்தின் எல்லையை மரங்களால் குறித்தார்கள்: இந்த வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனைக் கோல் நடந்து, இன்னாருடைய எல்லையைத் தொட்டு, ஓடைக்கரையில் நிற்கும் ஹிக்கரி மரம் வரை. வர்ஜீனியாவில் நான்காண்டுக்கு ஒருமுறை அண்டை அயலார் கூடி எல்லையைச் சுற்றி நடந்து மரங்களில் வெட்டுக்குறியைப் புதுப்பிக்க வேண்டும் என்ற சட்டமும் இருந்தது. இப்பத்திரங்களில் உறவைத் தேடுகிறவர் விற்றவரையும் வாங்கியவரையும் பார்ப்பதோடு நின்றுவிடக்கூடாது. நான்கெல்லையில் யார் யார் என்று பார்க்க வேண்டும். அடுத்த நிலத்துக்காரர் பெரும்பாலும் மாமனாரோ மைத்துனரோதான். நாம் 'தாய்ப்பத்திரம்' என்கிறோமே, அதைப் போலப் பின்னோக்கிச் சென்றால், விற்கப்பட்ட நிலம் முன்பு வாங்கப்படவே இல்லை என்று சில சமயம் தெரியவரும். வாங்காமல் வந்த நிலம் பெரும்பாலும் பிறப்பாலோ மணத்தாலோ வந்ததாகவே இருக்கும். அங்கே ஓர் உறவு ஒளிந்திருக்கிறது.

லிங்கனின் தந்தைவழியில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பேரனுக்குத் தம் பெயரை அளித்த பாட்டனார் ஆபிரகாம், 1780இல் வர்ஜீனியாவிலிருந்த தம் நிலத்தை விற்றார். கெண்டக்கியில் நிலம் பெற அவர் வாங்கிய ஆணையில் 'லிங்க்ஹார்ன்' என்று பெயர் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதினார், அவ்வளவுதான். வர்ஜீனிய விற்பனைப் பத்திரத்தில் மனைவியின் பெயரும் வருகிறது: பாத்ஷீபா. ஏன் வருகிறது? கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை கைம்பெண்ணுக்கு உண்டு. விற்கும்போது அவ்வுரிமையை அவள் விட்டுக்கொடுத்தாக வேண்டும்; அதுவும் கணவன் அருகில் இல்லாதபோது தனியே வினவப்பட்டு, மனமுவந்தே விடுகிறேன் என்று சொல்ல வேண்டும். பாத்ஷீபாவால் நீதிமன்றத்துக்குப் பயணம் செய்ய இயலவில்லை. ஆகவே அடுத்த ஆண்டு, அவள் இருக்குமிடத்திற்கே சென்று அவளை வினவுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. தன் உரிமையை விடும்போதுதான் பெண்ணின் பெயர் ஏட்டில் ஏறியது.

1786இல் அந்த ஆபிரகாம் கெண்டக்கியில் செவ்விந்தியர் தாக்குதலில் இறந்தார். அன்று கெண்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. மூத்த மகனுக்கே நிலம் என்ற பழஞ்சட்டத்தை வர்ஜீனியா 1785இலேயே நீக்கிவிட்டது. ஆயினும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1787 சனவரி முதல் நாள். சில மாத இடைவெளியில் நிலம் முழுவதும் மூத்தவர் மார்டெக்காய்க்குச் சென்றது. இளையவர் தாமஸ் ஏதுமின்றி வளர்ந்தார். அந்தத் தாமஸ்தான் லிங்கனின் தந்தை.

மூன்றில் ஒரு பங்கு என்றேன். கைம்பெண்ணைக் காக்க எழுந்த அந்த உரிமைக்கு மற்றொரு முகம் உண்டு. அதைச் சொல்லாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. 1757இல் டேனியல் பார்க் கஸ்டிஸ் என்ற வர்ஜீனியச் செல்வர் உயில் எழுதாமல் இறந்தார். அவர் மனைவி மார்த்தாவுக்கு மூன்றில் ஒரு பங்கு வந்தது. நிலத்தில் மட்டுமன்று, அடிமைகளிலும். மார்த்தா பின்பு ஜார்ஜ் வாஷிங்டனை மணந்தார். 1799இல் வாஷிங்டன் உயில் எழுதும்போது மவுண்ட் வெர்னான் பண்ணையில் இருந்த அடிமைகளின் பட்டியலையும் தயாரித்தார். 317 பேர். அவர்களுள் 123 பேர் அவருக்கு உரியவர். 153 பேர் கஸ்டிஸ் பங்கில் வந்தவர். எஞ்சியோரில் பெரும்பாலோர் வாடகைக்குப் பெறப்பட்டவர். தமக்கு உரியவர்களை மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்குமாறு எழுதினார். அந்த 153 பேரைத் தொட அவருக்குச் சட்டத்தில் இடமில்லை, மார்த்தாவுக்கும் இல்லை. அவர்கள் கஸ்டிஸ் வாரிசுகளுக்கு உரியவர்கள்.

அந்தப் பட்டியலை நான் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பெயர், வயது, வேலை. மணமானவராயின் கணவன் யார், மனைவி யார், அவர் எந்தப் பண்ணையில் இருக்கிறார், யாருக்கு உரியவர் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அடிமைகளின் மணத்தைச் சட்டம் ஏற்றதில்லை. ஏற்காத மணங்களைப் பட்டியல் எழுதுகிறது; ஏனெனில் உடைமையைப் பிரிக்கும்போது அது சிக்கலாகும் என்பது உரிமையாளருக்குத் தெரியும். கணவன் வாஷிங்டனுடையவன், மனைவி கஸ்டிஸ் பங்கினள் என்றால் அவன் விடுதலை பெறுவான், அவள் பெறமாட்டாள், தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்ற 1662ஆம் ஆண்டு வர்ஜீனியச் சட்டப்படி பிள்ளைகளும் பெறமாட்டார்கள். மார்த்தா தம் கணவரின் அடிமைகளை 1801 சனவரி முதல் நாள் விடுவித்தார். 1802இல் அவர் இறந்தபின் கஸ்டிஸ் பங்கினர் அவருடைய நான்கு பேரப் பிள்ளைகளிடையே பிரித்தளிக்கப்பட்டனர். அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரைத் தேடும்போது, பிரிவுக்குக் காரணமான அதே வகை ஏட்டைத்தான் நாட வேண்டியிருக்கிறது. வெள்ளையர் ஏடுகளில் தந்தை தெரிகிறார், தாய் மறைகிறாள். அடிமைகளின் பட்டியல்களில் பெரும்பாலும் தாய் தெரிகிறாள், தந்தைக்கு இடமே இல்லை. மவுண்ட் வெர்னான் பட்டியல் அரிதான விதிவிலக்கு.

லூசிக்குத் திரும்புகிறேன். உயிலில் பெயர் இல்லாததால் அவள் ஜோசப்பின் மகள் அல்லள் என்றார் சிலர். மகள்தான், ஆனால் தந்தையால் ஒதுக்கப்பட்டவள் என்றார் வேறு சிலர். இரண்டுக்கும் உயிலில் சான்றில்லை. திருமணத்தின்போதே தம் பங்கைப் பெற்றுக்கொண்ட மக்களின் பெயர்களை உயிலில் விடுவது அக்காலத்தில் இயல்பு. லூசி 1791இல், உயிலுக்கு இரண்டாண்டுகள் முன்பே, ஹென்றி ஸ்பேரோ என்பவரை மணந்துவிட்டாள். சினமாக இருக்கலாம், கணக்குத் தீர்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதை நினைக்கவே எனக்கு விருப்பம்; விருப்பம் சான்றாகாது என்பதற்கு ஹிட்ச்காக் அம்மையாரே நமக்குப் பாடம்.

2015இல் விடை வேறிடத்திலிருந்து வந்தது. தாய்வழியில் மட்டும் இறங்கும் மரபணுவைச் சோதித்தார்கள். ஜோசப்பின் மனைவியிடமிருந்து பெண்வழியாக வந்தோரும், லிங்கனின் தாயாரோடு பெண்வழியில் இணைவோரும் ஒரே வழியினர் என்று தெரியவந்தது. லூசி அந்த வீட்டு மகளே. நான்சி அவளுடைய மகளே. நான்சியின் தந்தை யார் என்பதை அந்தச் சோதனையாலும் சொல்ல இயலாது. 1806இல் நான்சி தாமஸ் லிங்கனை மணந்தபோது திருமணப் பிணைப் பத்திரத்தில் ரிச்சர்ட் பெர்ரி என்பவர் 'காப்பாளர்' என்று கையொப்பமிட்டார். அந்த ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதித் தோட்டம் என்று படிக்கும்படி வைத்துவிட்டார்.

தாய்க்கும் மகளுக்கும் ஏட்டில் எஞ்சியிருப்பது மிகக் குறைவு. 1790இல் தன் திருமண உரிமத்துக்காக, தான் வயது வந்தவள் என்றும் தனக்கு இசைவே என்றும் லூசி தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதித் தந்தாள். எழுத்துப்பிழைகள் உண்டு, ஆயினும் அவளுடைய சொல், அவளுடைய எழுத்து. 1814இல் தாமஸ் லிங்கன் தம் மில் கிரீக் நிலத்தை விற்றார். 1803இல் 238 ஏக்கர் என்று 118 பவுனுக்கு வாங்கியது, அளவைப் பிழையால் 200 ஏக்கர் என்று 100 பவுனுக்குப் போயிற்று. அந்தப் பத்திரத்தில் தாமஸ் தம் பெயரை எழுதினார். நான்சி கையெழுத்திடவில்லை, பெயருக்கு நடுவே ஒரு குறி இட்டாள். 1818இல் இண்டியானாவில் அவள் இறந்தபோது அவள் பெயரில் உடைமை ஏதும் இல்லை. ஆகவே உயிலும் இல்லை, சொத்துப் பட்டியலும் இல்லை. ஹார்டின் மாவட்டப் பதிவேட்டில் எழுத்தர் படியெடுத்து வைத்த அந்தக் குறி இருக்கிறது.